ஊர் முகநூல் குழுவில் ‘காய்ச்சல்’ பதிவுகளை எண்ணி டிங்கியை (டெங்கு) முன்கூட்டியே பிடிக்க முடியுமா? (சுங்கை சிப்புட், பேராக், மலேசியா)

லயத்துக்கோடி கேட்டது:

வணக்கம். சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத் தோட்டத்து ஆளுங்களும் தாமான் (குடியிருப்புப் பகுதி) ஆளுங்களும் இருக்கிற ஒரு திறந்த முகநூல் குழு. அதுல 26 வாரப் பதிவுகளை எடுத்து எண்ணியாச்சு. ஆய்வுக் கட்டுரை எழுதுற நோக்கம் இல்ல. எந்த வாரம், எந்தப் பக்கம் துப்புரவுப் பணி வைக்கணும்னு ருக்குன் தெத்தாங்காவுக்கு (அக்கம்பக்கச் சங்கம்) ஒரு துப்பு கிடைச்சா போதும்.

தேடின சொற்கள்: காய்ச்சல், டிங்கி, டெங்கு, கொசு. ரோமன் எழுத்துல மலாய்ச் சொற்கள் டெமாம், டெங்கி, ஞாமோக். குழுவோட தேடல் பெட்டியில ஒவ்வொண்ணா போட்டு, வந்ததைத் தேதியோட விரிதாள்ல ஒட்டி, திங்கள் முதல் ஞாயிறு வரை ஒரு வாரம்னு கூட்டினது. சராசரி வாரத்துக்கு 4. குறைஞ்சது 0, கூடினது 11.

சிக்கல் இதுதான். 11 வந்த வாரத்துக்கு ரெண்டு வாரம் முன்னாடியே ஐடெங்கி தளத்துல (டிங்கி பரவுற இடங்களைக் காட்டுற அரசாங்கத் தளம்) அந்தத் தாமான் பேர் வந்துடுச்சு. அப்போ பதிவு நோய்க்குப் பின்னாடிதான் வருது. கூகள் டிரெண்ட்ஸ்ல (ஒரு சொல்லை எவ்வளவு தேடுறாங்கன்னு காட்டுறது) ஊர்ப்பேர் போட்டா வெறும் சைபர். பேராக்னு போட்டா ஒரே தேடலுக்கு நேத்து ஒரு எண், இன்னிக்கு வேற எண்.

எங்க தப்பு நடக்குது? இவ்வளவு குறைஞ்ச எண்ணிக்கையில எத்தனை வந்தா ‘கூடியிருக்கு’ன்னு சொல்லலாம்? லயத்து (தோட்டத்து வரிசை வீடுகள்) வாட்சாப் குழுச் செய்திகளையும் சேர்த்துக்கலாமா?

---

கொசுக்கணக்கு:

நீங்கள் எண்ணியிருப்பது ஊர்ப்பேச்சு. டிங்கியைப் பற்றி ஊர் எப்போது பேசும்? புகை அடிக்கும் வண்டி தெருவுக்குள் நுழைந்த அன்று. அதனால்தான் உங்கள் 11 பின்னால் நிற்கிறது.

கொசு கடித்த நாளை 0 என்று வைத்துக்கொள்ளுங்கள். காய்ச்சல் தொடங்க 4 முதல் 10 நாள். முதல் நாள் பனடோல் போட்டுப் படுப்பார்கள், இரண்டாம் மூன்றாம் நாள் கிளினிக். மருத்துவர் டிங்கி என்று கண்டால் 24 மணி நேரத்துக்குள் மாவட்ட சுகாதார அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும் (தொற்றுநோய்த் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் 1988). அதற்குப் பிறகுதான் வீட்டுச் சோதனை, புகை, தளத்தில் பெயர். ஆக ‘பையனுக்கு ராத்திரி முழுக்க காய்ச்சல்’ என்ற பதிவு உங்களுக்குத் தரக்கூடிய முன்னிலை அதிகபட்சம் மூன்று, நான்கு நாள். அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

தளத்தில் எந்தப் பட்டியலைப் பார்த்தீர்கள் என்பதும் முக்கியம். ஒரே இடத்தில் 14 நாளுக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட நோயாளி இருந்தால் அது ‘வாபாக்’ (நோய்ப் பரவல்) இடம். அந்த நிலை 30 நாளைத் தாண்டினால்தான் ‘ஹாட்ஸ்பாட்’. ஹாட்ஸ்பாட் தேதியோடு ஒப்பிட்டால் எந்தத் தரவும் ஒரு மாதம் முன்னால் தெரிவதுபோல் தோன்றும். அது பொய்ப் பெருமை. வாபாக் பட்டியலோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

இன்னொன்று, அங்கே தொற்றியல் வாரம் ஞாயிறு தொடங்கிச் சனி முடியும். உங்கள் வாரம் திங்களில் தொடங்குகிறது. ஞாயிற்றுக்கிழமைதான் குழுவில் கூட்டம் அதிகம். அந்த ஒரு நாள் பக்கம் மாறி விழுந்தாலே கோடு கோணலாகிவிடும்.

இனி வேலை. தேடல் பெட்டியை நம்பாதீர்கள். அது தனக்குப் பிடித்த வரிசையில் தருமே தவிர எல்லாவற்றையும் தராது, பின்னூட்டங்களில் பாதியைத் தொடாது. குழு நிர்வாகியிடம் சொல்லிவிட்டு, வாரம் ஒருமுறை ‘புதியவை முதலில்’ என்று வைத்துக் கையால் உருட்டிப் படியுங்கள். இந்த அளவுக் குழுவுக்கு அரை மணி நேரம் போதும். தானாக அள்ளும் கருவி தேடி அலைய வேண்டாம். முகநூல் பதிவுகளைத் திரட்டித் தந்த கிரவுட்டேங்கிள் 2024 ஆகஸ்டில் மூடப்பட்டது, டுவிட்டர் நிரல் வழியாகப் பதிவு எடுக்கும் இலவச வாசலை 2023இலேயே அடைத்துவிட்டது, முகநூலில் நிரல் வைத்து உரசி எடுப்பது அவர்கள் விதிக்கு மாறானது.

படித்த ஒவ்வொரு பதிவையும் நாலு கூடையில் ஒன்றில் போடுங்கள்:

அ. எழுதியவருக்கோ வீட்டாருக்கோ இப்போது காய்ச்சல்.
ஆ. கொசு, அடைத்த சாக்கடை, எடுக்காத குப்பை, தேங்கிய நீர் பற்றிய புகார்.
இ. செய்திப் பகிர்வு, புகை அடிக்கும் வண்டியின் படம், பப்பாளி இலைச் சாறு வகை.
ஈ. மற்றவை: தேர்தல் காய்ச்சல், பந்துக் காய்ச்சல், போன வருடத்துக் காய்ச்சல்.

இ, ஈ இரண்டையும் கணக்கில் சேர்க்காதீர்கள், ஆனால் தூக்கியும் எறியாதீர்கள். ஊர் எப்போது பதறியது என்று பின்னால் பார்க்க அவை வேண்டும். அ கூடைக்குப் பதிவுத் தேதி போதாது, காய்ச்சல் தொடங்கிய தேதி வேண்டும். ‘நாலு நாளா விடல’ என்று புதன்கிழமை எழுதியிருந்தால் தொடக்கம் சனிக்கிழமை. அது முந்தைய தொற்றியல் வாரத்தில் விழும். இப்படித் திருத்தினாலே சில மேடுகள் இடம் மாறும்.

ஆ கூடையைத்தான் நான் பெரிதாக மதிப்பேன். நோய்க்கு முன்னால் கொசு, கொசுவுக்கு முன்னால் நீர். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள். புகார் கிளம்பும் நேரத்தில் இன்னும் ஒருவருக்கும் காய்ச்சல் வந்திருக்காது. உங்கள் தேவை துப்புரவு என்றால் இதைவிட நல்ல துப்பு முகநூலில் கிடையாது.

---

புள்ளிசுழி:

கூடை பிரிக்கும் முன் சொல்லைச் சரியாகப் பிடிக்கிறீர்களா என்று பாருங்கள். தமிழில் தேடும்போது மூன்று இடத்தில் கால் வழுக்கும்.

முதலாவது புள்ளி. ‘காய்ச்சல்’ என்று புள்ளியோடு தேடினால் ‘காய்ச்சலுக்கு’, ‘காய்ச்சலா’, ‘காய்ச்சலோட’ எதுவும் சிக்காது. கணினிக்குப் புள்ளி தனிக் குறி, உகரக் கொம்பு தனிக் குறி. புள்ளியை எடுத்துவிட்டு ‘காய்ச்சல’ என்று தேடுங்கள், எல்லாம் வரும். இன்னும் சுருக்கலாமே என்று ‘காய்ச்ச’ என்று போட்டால் புதுவீட்டில் பால் காய்ச்சியதெல்லாம் நோயாகிவிடும். பேச்சு வழக்கில் ய் விழுந்து ‘காச்சல்’ என்று எழுதுபவர்கள் ஏராளம். அதையும் ‘காச்சல’ என்றே சேருங்கள்.

இரண்டாவது கொம்பு. ‘கொசு’வின் ‘கொ’ சில விசைப்பலகைகளில் ஒரே உயிர்க்குறியாகப் பதியும், சிலவற்றில் ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாக. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், ஆனால் தேடினால் ஒன்றுதான் வரும். ‘நோய்’, ‘தோட்டம்’ இரண்டுக்கும் இதே கதி. விரிதாளில் சப்ஸ்டிட்யூட் வாய்பாடு போட்டு, யூனிகார் (எண்ணைக் கொடுத்தால் எழுத்துக்குறியைத் தரும் வாய்பாடு) 3014ஐ, அதாவது ஒற்றைக் கொம்பை, ஒட்டி 3006, அதாவது கால், வருமிடத்தில் ஒரே குறியான 3018 வையுங்கள். நெடிலுக்கு 3015ஐ ஒட்டி 3006 வந்தால் 3019. பைத்தான் தெரிந்தவர் என்றால் என்எஃப்சி (யூனிகோடு எழுத்துகளை ஒரே வடிவாக்கும்) முறையில் ஒருமுறை சீராக்கினால் முடிந்தது.

மூன்றாவது ரோமன் தமிழ். ஒரே ‘காய்ச்சல்’ குறைந்தது எட்டு விதமாக வரும். ஆங்கில ‘ஏ’ ஒன்றா இரண்டா, அடுத்து வருவது ‘ஐ’ எழுத்தா ‘ஒய்’ எழுத்தா, ‘சி’க்குப் பிறகு ‘எச்’ உண்டா இல்லையா என்று கூட்டிப் பாருங்கள், எட்டு. எட்டையும் ஒரே வரியில் பிடிக்கும் தேடல் வடிவம் (ரெகெக்ஸ்) எழுதத் தெரியாவிட்டால் எட்டையும் ஒரு பட்டியலாக வைத்துத் தேடுங்கள்.

‘டிங்கி’, ‘டெங்கு’ வேறுபாட்டை வீணாக்காதீர்கள். நம் நாட்டுத் தமிழ் நாளிதழும் வானொலியும் ‘டிங்கி’ என்கின்றன. ‘டெங்கு’ என்று வந்தால் அது பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ ஒட்டப்பட்ட செய்தி. திறந்த வெளியில் தேடும்போது இந்த ஓர் எழுத்தே பாதி ஊர் வடிகட்டி. ஆனால் காய்ச்சலில் கிடப்பவர் ‘டிங்கி’ என்றும் எழுதமாட்டார். அவருக்கு அது இன்னும் தெரியாது. அவர் எழுதுவது ‘மேலுக்கு முடியல’, ‘உடம்பு அனலா கொதிக்குது’, ‘கை கால் எல்லாம் முறிச்சுப் போட்ட மாதிரி’, ‘எந்தக் கிளினிக் இப்ப திறந்திருக்கு?’. கடைசி வரி நோய்ச் சொல் ஒன்றுமே இல்லாமல் மிக நல்ல அடையாளம்.

‘சுரம்’ வேண்டாம். கோயில் இசைவிழா அறிவிப்பெல்லாம் வந்து குவியும்.

ஊர்ப்பேரும் உஷார். ரோமனில் ‘சிப்புட்’ என்று மட்டும் தேடினால் சிப்புட் செடுட் லெமாக் சமையல் காணொளிகள்தான் கொட்டும், மலாயில் சிப்புட் என்றால் நத்தை அல்லவா. இடம் பிடிக்க ஒரு பெயர்ப்பட்டியல் தேவை. ஐடெங்கியில் தாமானின் பதிவுப் பெயர் இருக்கும். ஆட்கள் எழுதுவது ‘கோயிலுக்குப் பின்னால’, ‘பழைய லயம்’, ‘மேல் டிவிஷன்’, ‘ஆலமரத்து முச்சந்தி’. இடப்பக்கம் ஆட்கள் சொல்லும் பெயர், வலப்பக்கம் பதிவுப் பெயர் என்று இரண்டு பத்தி எழுதி வைத்தால் பாதி வேலை முடியும். ‘பழைய லயம்’ மூன்று தோட்டத்தில் இருக்கிறதென்றால் அந்தப் பதிவை இடமில்லாதது என்றே வையுங்கள், ஊகித்து ஒட்டாதீர்கள்.

---

ஏழுக்குஏழு:

எண்ணிக்கைக் கேள்விக்கு வருகிறேன்.

சராசரி 4 என்றால், நோய் நிலவரம் துளியும் மாறாமலே, தற்செயலால் மட்டும் ஒரு வாரம் 8 அல்லது அதற்கு மேல் வர 5.1 விழுக்காடு வாய்ப்பு. 9 அல்லது அதற்கு மேல் வர 2.1, 10 அல்லது அதற்கு மேல் வர 0.8. வருடத்துக்கு 52 வாரம் என்று பெருக்கினால், 8இல் மணி அடித்தால் ஆண்டுக்கு ஏறக்குறைய மூன்று வெற்று மணி, 9இல் அடித்தால் ஒன்று. துப்புரவுப் பணிக்கு வருடத்தில் மூன்று முறை வீணாகக் கூடினால் ஒன்றும் கெட்டுவிடாது, 8 போதும். சுகாதார அலுவலகத்துக்குக் கடிதம் எழுதும் எண்ணமிருந்தால் 9 அல்லது 10 வையுங்கள்.

இந்தக் கணக்கு ஒவ்வொரு பதிவும் தனித்தனியாக வருகிறது என்ற நம்பிக்கையில் நிற்கிறது. முகநூலில் அப்படி வராது. ஒருவர் போட்ட படத்தைப் பார்த்து ஆறு பேர் எழுதுவார்கள். உங்கள் 11க்குத் தற்செயல் வாய்ப்பு 0.3 விழுக்காடுதான். ஆனால் அதில் எத்தனை ஒரே இழையின் எதிரொலி? ஒரு வீட்டுக்கு ஒரு வாரத்தில் ஒன்று, ஒரு இழைக்கு ஒன்று என்று கழித்துவிட்டுப் பாருங்கள். 5க்கு இறங்கினால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. கழித்து, கூடை பிரித்த பிறகு சராசரியும் 4 இருக்காது. புதுச் சராசரிக்குப் புது எல்லை போட வேண்டும்.

சராசரியை எந்த வாரங்களில் எடுப்பது? இந்த வாரத்தையும் சென்ற வாரத்தையும் விட்டுவிட்டு அதற்கு முந்தைய எட்டு. நோய் மெல்ல ஏறும்போது சென்ற வாரத்தையும் சேர்த்தால் சராசரி கூடவே ஏறி, மணி அடிக்கவே அடிக்காது. நாள்வாரிக் கண்காணிப்பில் ஈயர்ஸ் சி2 என்ற முறை இதே காரணத்துக்காக இடையில் இரண்டு நாளை விட்டு அதற்கு முந்தைய ஏழு நாளை எடுக்கிறது. நாளுக்கு அரைப் பதிவு வரும் ஊரில் சி2ஐ அப்படியே போட வேண்டாம், கருத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மொத்தப் பதிவு எண்ணிக்கையையும் வாரந்தோறும் குறித்து வையுங்கள். தைப்பூச வாரத்திலும் தீபாவளி வாரத்திலும் குழுவே வேறு பேச்சில் இருக்கும். மொத்தம் 60, காய்ச்சல் 4 என்பதும், மொத்தம் 300, காய்ச்சல் 4 என்பதும் ஒன்றல்ல.

கூடை பிரிப்பது ஒருவர் கையில் இருக்கக் கூடாது. 200 பதிவை இருவர் தனித்தனியாகப் பிரியுங்கள். 170இல் ஒத்துப்போனால் 85 விழுக்காடு, பார்க்க அழகு. ஆனால் இருவருமே 60ஐ ‘நோய்’ என்றும் 140ஐ ‘இல்லை’ என்றும் போட்டிருந்தால், கண்ணை மூடிக்கொண்டு பிரித்தாலே 58 விழுக்காடு ஒத்துப்போகும் (0.3 பெருக்கல் 0.3, அதோடு 0.7 பெருக்கல் 0.7). தற்செயலைக் கழித்தால் (85 − 58) ÷ (100 − 58) = 0.64. இதுதான் கப்பா. 0.8க்குக் கீழே என்றால் ஒத்துப்போகாத 30 பதிவையும் நடுவில் வைத்துப் பேசி விதி எழுதுங்கள். ‘காய்ச்சல் மாதிரி இருக்கு’ நோயா? ‘போன வாரம் இருந்தது, இப்ப பரவாயில்ல’ எந்த வாரம்? விதி எழுதிய பிறகு புதிய 100ஐ எடுத்துப் பிரியுங்கள். பழையதையே மறுபடி பிரித்து மதிப்பெண் ஏற்றிக்கொள்வது ஏமாற்று.

முன்னே பின்னே நகர்த்தி ஒப்பிடும் ஆசை வரும். மைனஸ் மூன்று வாரத்திலிருந்து பிளஸ் மூன்று வரை ஏழு முறை பார்த்து, நன்றாகப் பொருந்துவதைத் தேர்ந்தெடுத்தால் 26 வாரத் தரவில் ஏதோ ஒன்று கட்டாயம் பொருந்தும். எத்தனை நாள் முன்னிலை என்பதை கொசுக்கணக்கு போட்ட சங்கிலியிலிருந்து முதலிலேயே முடிவு செய்து, முதல் 18 வாரத்தில் எல்லை வகுத்து, கடைசி 8 வாரத்தில் மட்டும் சோதியுங்கள்.

கூகள் டிரெண்ட்ஸ் 0 காட்டுவது தேடல் இல்லை என்பதால் அல்ல, காட்டும் அளவுக்கு இல்லை என்பதால். எண் 0 முதல் 100 வரை ஒப்பீட்டளவில் போடப்படுகிறது, அதுவும் மொத்தத்தில் ஒரு மாதிரியை எடுத்து. அதனால்தான் நாளுக்கு நாள் மாறுகிறது. பேராக் முழுவதையும் பார்க்க வேண்டுமென்றால் ஒரே தேடலை ஐந்து நாள் எடுத்து சராசரி போடுங்கள். தோட்டத்து அளவுக்கு அது உதவாது.

இந்த வித்தையில் கூகளே சறுக்கியது. 2008இல் தேடல் சொற்களை வைத்து அமெரிக்காவில் ஃபுளூவைக் கணிக்கத் தொடங்கினார்கள். 2012–13 குளிர்காலத்தில் கணிப்பு, அந்நாட்டு நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் எண்ணைவிட ஏறக்குறைய இரட்டிப்பாகப் போனது. 2015இல் கடையைக் கட்டினார்கள். செய்தியைப் பார்த்துத் தேடியவர்களும், கூகள் தானே மாற்றிய தேடல் பரிந்துரைகளும் கணக்கில் கலந்ததைக் காரணமாகச் சொல்வார்கள். உங்கள் குழுவில் முகநூல் பதிவு வரிசையை மாற்றினாலும் இதேதான் நடக்கும்.

---

லயத்துக்கோடி:

நன்றி அண்ணன்மார்களே. இதுவரை 11 வந்த வாரத்தை மட்டும் முழுசா கூடை பிரிச்சுப் பார்த்தாச்சு. அ கூடையில 2, ஆ கூடையில 1. மிச்சம் எட்டும் புகை அடிக்கிற வண்டியோட ஒரே காணொளியும் அதைப் பகிர்ந்ததும். ஆ கூடைப் புகார் மட்டும் அதே தாமான்ல வாபாக்குக்கு முன்னாடி வாரங்கள்லயும் நாலு தடவை வந்திருக்கு, எல்லாம் ஒரே பின்சந்து. வாட்சாப் கேள்வி இன்னும் பாக்கி.

---

பால்மரம்:

குறுக்கே ஒரு கேள்வி. இந்தக் குழுவில் யார் இல்லை என்று பார்த்தீர்களா? இன்று செம்பனைத் தோட்டத்து கொங்சி வீடுகளில் (தொழிலாளர் கூட்டுக் குடியிருப்பு) பாதிக்கு மேல் இந்தோனேசிய, வங்காளதேச, நேப்பாளத் தொழிலாளர்கள் இருக்கும் தோட்டங்கள் உண்டு. அவர்கள் உங்கள் தமிழ்க் குழுவில் ஒரு வரி எழுதமாட்டார்கள். எம்.சி. (மருத்துவ விடுப்பு) எடுத்தால் சம்பளம் போகும் என்று கிளினிக்கும் போகாமல் கிடப்பவர்கள் உண்டு. உங்கள் விரிதாளில் அந்தப் பக்கம் 0 என்றிருந்தால் அது நலம் என்று பொருளில்லை, காது இல்லை என்று பொருள். வயதானவர்கள் குரல்பதிவு அனுப்புவார்கள், பிள்ளைகள் டிக்டாக்கில் இருப்பார்கள். எழுத்தைத் தேடினால் இருவருமே விழமாட்டார்கள்.

காய்ச்சல் தெரியாமலே போவதும் நிறைய. 2013இல் வந்த உலகளாவிய மதிப்பீட்டில் ஆண்டுக்கு 39 கோடி டிங்கித் தொற்று, அதில் நோயாக வெளிப்பட்டது 9.6 கோடி. நாலில் ஒன்று.

தமிழ்ப்பள்ளியில் தினமும் வருகைப் பதிவேடு எடுக்கிறார்கள். ‘காய்ச்சலால் வரவில்லை’ என்ற எண்ணிக்கையைப் பெயர் இல்லாமல் வாரம் ஒருமுறை தலைமையாசிரியரிடம் கேட்டு வாங்க முடிந்தால், அதற்கு மொத்த மாணவர் எண்ணிக்கை என்ற உறுதியான வகுபடு எண்... மன்னிக்கவும், வகுக்கும் எண் உண்டு. முகநூலுக்கு அது என்றைக்கும் கிடையாது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தொழிலாளர் பக்கத்துக்கு தோட்டத்து மண்டோரிடமோ (வேலை மேற்பார்வையாளர்) டிரெஸரிடமோ (தோட்ட மருந்தக உதவியாளர்) வாரம் ஒரு தொலைபேசி அழைப்பு. இது ‘தரவு’ மாதிரித் தெரியாது, ஆனால் தரவு இதுதான்.

---

வேப்பிலைக்கொத்து:

தம்பி, வாட்சாப் கேள்விக்கு வரேன். வேண்டாம்.

திறந்த குழுவுல எழுதறவங்க ஊர் பார்க்கும்னு தெரிஞ்சு எழுதறாங்க. லயத்து வாட்சாப் குழு அப்படி இல்ல, அது வீட்டுத் திண்ணை. ஒருத்தர் உடம்பு நிலை நம் நாட்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010ல ‘உணர்வுமிக்க தரவு’ வகையில வரும். அந்தச் சட்டம் வணிகத்துக்குத்தான், நம்ம சங்கத்துக்கு இல்லன்னு ஒருத்தர் வாதாடலாம். வாதத்துல ஜெயிச்சாலும் அடுத்த வாரம் யாரும் வாயத் திறக்க மாட்டாங்க. வேணும்னா குழுவுல வெளிப்படையா ஒரு செய்தி போடுங்க: ‘வீட்டுல காய்ச்சல் இருந்தா இந்த எண்ணுக்குத் தனியா “கா”ன்னு ஒரு எழுத்தும், எந்தப் பகுதின்னும் அனுப்புங்க. பேர் எழுதிக்க மாட்டோம்.’ விருப்பம் உள்ளவங்க அனுப்பட்டும். பின்னாடி இத ஆய்வா வெளியிடணும், சுகாதார அமைச்சு இடங்கள்ல எடுத்த தரவோட சேர்க்கணும்னு யோசனை வந்தா, தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டுல பதிஞ்சு அறநெறிக் குழு அனுமதி வாங்கணும். தொடங்கிட்டு வாங்க முடியாது, முதல்லயே வாங்கணும்.

விரிதாள்ல பேர், படம், பதிவோட இணைப்பு மூணும் இருக்கக் கூடாது. வாரம், பகுதி, கூடை போதும். பதிவு வாசகத்தையும் கூடை பிரிச்சதும் அழிச்சிடுங்க, அப்படியே வெச்சிருந்தா தேடல் பெட்டியில ஒட்டி யாருன்னு கண்டுபிடிச்சிடலாம். லயத்துல இன்னும் கவனம் வேணும். 20 வீட்டு லயத்துல ‘ஒரு வீட்டுல காய்ச்சல்’னு போட்டாலே எந்த வீடுன்னு ஊருக்குத் தெரியும். வெளியில காட்டுற எதிலயும் 5க்குக் குறைஞ்ச எண்ணைப் போடாம ‘5க்கும் குறைவு’ன்னு போடுங்க. ‘டிங்கி வீடு’ வரைபடம் மட்டும் வேண்டவே வேண்டாம்.

புள்ளிசுழிக்கு ஒரு வார்த்தை. அம்மையையும் பட்டியல்ல வைங்க, ஆனா சொல்லைத் தேடிக் கிடைக்காது. நம்ம ஆளுங்க ‘ஆத்தா வந்திருக்கா’ன்னு சொல்லுவாங்க, இல்ல வாசல்ல வேப்பிலை கட்டிட்டு ‘இந்த வாரம் யாரும் வீட்டுக்கு வராதீங்க’ன்னு மட்டும் போடுவாங்க. அது காய்ச்சலோட தொடங்கும், அ கூடையில விழுந்தா டிங்கிக் கணக்கு கெடும்.

இனி மணி அடிச்சா என்ன செய்யறது? புகை அடிக்கக் கேட்டு மனு எழுதறதுதான் எல்லாரும் முதல்ல செய்வாங்க. புகை பறக்கிற கொசுவத்தான் கொல்லும், தண்ணிக்குள்ள இருக்கிற புழுவத் தொடாது. அதனாலதான் ஏழிலிருந்து பத்து நாள் கழிச்சு ரெண்டாவது தடவை அடிக்கிறாங்க. உங்க ஆ கூடையில ஒரே பின்சந்து நாலு தடவை வந்திருக்குன்னீங்க. அங்க போய்ப் பாருங்க: கூரைத் தண்ணிப் பீலி, டயர், பூச்சட்டித் தட்டு, தண்ணி விட்டு விட்டு வர்ற இடத்துல மூடாத டிரம். குடிக்காத தண்ணி டிரம்முக்கு அபேட் (கொசுப் புழுவைக் கொல்ற மருந்து) 1 விழுக்காட்டுக் குருணை 10 லிட்டருக்கு 1 கிராம், 200 லிட்டர் டிரம்முக்கு 20 கிராம். நிறையப் போட்டா நிறைய நாள் தாங்கும்னு அள்ளிக் கொட்டறாங்க, அது வேண்டாம். ரப்பர் தோட்டத்துல மரம் இலை கொட்டி வெட்டு நிக்கிற மாசங்கள்ல பால் கப் நிமிர்ந்தபடியே நிக்கும். அப்ப ஒரு மழை பெஞ்சா மரத்துக்கு ஒரு கொசுப் பண்ணை. கப்பக் கவுத்து வைக்கச் சொல்லுங்க. அந்த நிழல் கொசு ஏடிஸ் அல்போபிக்டஸ், வீட்டுக்குள்ள இருக்கிற ஏஜிப்டி மாதிரி இல்ல, வெளியிலயே கடிக்கும்.

தோட்ட நிர்வாகம் கேக்கலைன்னா, நோய் பரப்பும் பூச்சி ஒழிப்புச் சட்டம் 1975னு ஒண்ணு இருக்கு. கோலகங்சார் மாவட்ட சுகாதார அலுவலகத்துக்கு வாரம், பகுதி, புகார் எண்ணிக்கை மட்டும் போட்டு ஒரு பக்கம் அனுப்புங்க. ‘எங்க ஊர்ல டிங்கி’ன்னு எழுதாதீங்க. அத உறுதி செய்யறது மருத்துவர் வேலை. ‘இந்தச் சந்துல ஆறு வாரமா தண்ணி நிக்குது’ன்னு எழுதினா ஆள் அனுப்பி சோதிக்க அவங்களுக்கு அது போதும்.

காய்ச்சல் பதிவு கண்ணுல படும்போது சும்மா எண்ணிட்டுப் போகாம, கீழ இத ஒட்டுங்க: ‘காய்ச்சல் தொடங்கி அஞ்சு நாளுக்குள்ள டிங்கிக்கான என்எஸ்1 ரத்தப் பரிசோதனை கேளுங்க. பாரசிட்டமால் மட்டும், ஆஸ்பிரின், ஐபூபுரோஃபென் வேண்டாம். மூணாவது நாள்ல இருந்து ஏழாவது நாளுக்குள்ள காய்ச்சல் இறங்கும்போதுதான் ஆபத்து. வயித்து வலி, நிக்காத வாந்தி, ஈறுல ரத்தம், அசதி எது வந்தாலும் ராத்திரியானாலும் ஆஸ்பத்திரி.’ ‘காய்ச்சல் விட்டுருச்சு, நன்றி’ன்னு பதிவு வந்தா அதுக்கும் கீழ ஒட்டுங்க. அந்த நாள்லதான் பல பேர் அசட்டையா இருந்துடறாங்க.

---

லயத்துக்கோடி:

அக்கா, பின்சந்து நாளைக்குப் பார்த்துடுவோம். விரிதாள்ல பத்திகள் இப்படி வைக்கிறேன்: தொற்றியல் வாரம், பகுதி, கூடை, தொடங்கிய தேதி தெரியுமா, அந்த வார மொத்தப் பதிவு. பக்கத்துல பள்ளி வராதோர் எண்ணிக்கை. சரியா?

---

கொசுக்கணக்கு:

‘படித்தவர்’ என்று இன்னொரு பத்தி சேருங்கள். பெயர் வேண்டாம், 1 அல்லது 2. யார் பிரித்த வாரத்தில் எண் ஏறியது என்று ஆறு மாதம் கழித்துக் கேள்வி வரும். தொடங்கிய தேதி தெரியாத அ பதிவுகளைப் பதிவு நாளிலேயே விட்டுவிடுங்கள், இரண்டு நாள் கழிப்போம் என்று உத்தேசமாக நகர்த்த வேண்டாம்.

---

புள்ளிசுழி:

பகுதிப் பத்திக்கும் கொம்பு வாய்பாடு போட மறக்காதீர்கள். ‘தோட்டம்’ இரண்டு விதமாகப் பதிந்தால் ஒரே பகுதி பட்டியலில் இரண்டு வரியாகப் பிரிந்து, இரண்டுமே 5க்கும் குறைவாகிவிடும்.